ஐந்தாவது துண்டு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்துவிட்டு, 'பட்டினியில மயக்கம் வந்திருக்கும் ரஞ்சனி' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நானே எனக்கு ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. லேப் டெக்னீஷியன். கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சளி, ரத்தம், மலம் என்று எதையெதையோ மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பேயை மட்டும் பார்த்ததில்லை. வீட்டில் யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால், 'அதோட சாம்பிள் ஒண்ணு கொண்டாங்க, பார்த்துச் சொல்றேன்' என்று வாயை அடைத்துவிடுவேன்.

வாய்க்கொழுப்பு. கடைசியில் சாம்பிளாகவே வந்தது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் சென்டர். பெயர் சொல்ல மாட்டேன், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். மொத்தமே மூன்று அறை. முன்னால் ஆட்கள் உட்காரும் இடம். நடுவில் என் லேப். லேப்பை ஒட்டி எண்டோஸ்கோபி அறை. லேப்புக்கும் அந்த அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். என் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை முழுசாகத் தெரியும். திறந்து பார்க்க நேரம் இருக்காது, அது வேறு விஷயம்.

வயிற்று எரிச்சல், வாந்தி, பசியின்மை என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சேரன் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார். பாண்டிச்சேரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். சந்தேகமாக எதையாவது பார்த்தால், குழாய்க்குள் ஃபோர்செப்ஸ் என்கிற நுண்ணிய இடுக்கியை விட்டு இரைப்பையிலிருந்து துளித் துளியாகச் சதையைக் கிள்ளி எடுப்பார். ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவுதான் இருக்கும்.

அந்தத் துண்டுகளில் ஒன்று என்னிடம் வரும். என்னிடம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிட் இருக்கிறது. அதன் குழியில் மஞ்சள் நிறத்தில் ஜெல். துண்டை அதில் வைத்தால், வயிற்றுப்புண் கிருமி இருந்தால் மஞ்சள் மாறி ரோஸ் ஆகிவிடும். இல்லையென்றால் மஞ்சளாகவே கிடக்கும். ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். மற்ற துண்டுகளை, அழுகாமல் இருக்க, ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பாண்டிச்சேரி பெரிய லேப்புக்கு அனுப்பிவிடுவோம். அங்கே சீவி, சாயம் ஏற்றிப் பார்த்துக் கிருமியா, வெறும் புண்ணா, இல்லை வேறு ஏதாவதா என்று எழுதி அனுப்புவார்கள். அந்த 'வேறு ஏதாவது'க்குத்தான் எல்லோருக்கும் பயம்.

இதில் இரண்டு விஷயத்தை நீங்கள் மறக்கக் கூடாது. ஒன்று, ஃபார்மலினில் நனைந்த துண்டு செத்த துண்டு. வெளுத்துப்போகும். அதிலுள்ள கிருமியும் செத்துவிடும். அதைக் கிட்டில் வைத்தால் விடிய விடிய மஞ்சள்தான். இரண்டு, கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கிருமி இருந்தாலும் கிட் மஞ்சளாகவே காட்டி ஏமாற்றும். அதனால் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

அன்றைக்குக் கார்த்திகை தீபம்.

ரோடு முழுக்கத் திருவண்ணாமலைக் கூட்டம். டாக்டரின் கார் நெரிசலில் மாட்டி, அவர் மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் அன்புச்செல்வன். அவலூர்பேட்டையில் காய்கறி மண்டியில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஓங்குதாங்கான ஆள். அவருடைய அண்ணன் போன வருஷம் வயிற்றில் கேன்சர் வந்து செத்துப்போனார். இவருக்கும் இப்போது அதே மாதிரி எரிச்சல், அதே மாதிரி பசியின்மை.

குழாயை எடுத்ததும் டாக்டர் அவரிடம், உள்ளே கொஞ்சம் சிவந்திருக்கிறது, பயப்படும்படி கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் நாலு துண்டு எடுத்திருக்கிறேன் என்றார். அன்புச்செல்வன் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"கிருமியா இல்லியான்னு இன்னிக்கே தெரிஞ்சிடுமாமே?"

"ஒரு மணி நேரத்துல தெரியும். ஆறரைக்கு போன் பண்ணுங்க."

"அண்ணன் போனதிலேர்ந்து வூட்ல பண்டிகையே இல்ல. இன்னிக்கு விளக்கேத்தலாம்னு இருக்குது. அகல வாங்கி வச்சிக்கிணு என் பொண்டாட்டி ஏத்தாம குந்திக்கிணு கீறா. கிருமிதான்னு ஒரு வார்த்த வந்தா ஏத்துவா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "இன்னொரு தபா இந்தக் கொழாய வுடறன்னா நான் வர மாட்டேன்."

சரி என்று அனுப்பி வைத்தேன்.

டாக்டர் கிளம்பிவிட்டார். உதவிக்கு இருக்கிற ஜெயக்கொடியும் கிளம்பிவிட்டாள். அவள் ஊர் தொண்டூர். ஆறு மணிக்குள் போய் வாசலில் விளக்கு வைக்க வேண்டும், பஸ்ஸை விட்டால் போச்சு என்று பறந்தாள். குழாயைக் கழுவி மாட்டிவிட்டு, பாட்டிலை என் மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன். நாலு துண்டும் அதற்குள் இருந்தன.

அவசரத்தில் புண்ணியவதி நாலையும் ஃபார்மலினில் போட்டுவிட்டாள். ஒன்றை எனக்கு என்று வெளியே வைத்திருக்க வேண்டும். நாலும் வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. கிட்டில் வைக்க ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். சரி விடு, பாண்டிச்சேரி ரிப்போர்ட் வரட்டும், பத்து நாள்தானே என்றார். அவருக்குப் பத்து நாள். அவலூர்பேட்டையில் அகல் விளக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு?

என்ன பதில் சொல்வது என்று தெரியாமலே மற்ற நாலு பேருடைய கிட்டுகளையும் வரிசையாக வைத்தேன். அவற்றை ஐந்தே முக்காலுக்குப் படித்துவிட்டுப் போக வேண்டும். அதுவரை நான் மட்டும்தான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன். கீழே மருந்துக் கடைக்காரர் ஆதிநாராயணன் இருந்ததால் பயம் ஒன்றும் இல்லை.

அன்று நான் விரதம். முந்தின நாள் ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. தீபம் ஏற்றுகிற வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். வயிறு எரிந்தது. எனக்கு விரதம் இல்லாத நாளிலும் எரியும். லேப் வேலையில் நேரத்துக்குச் சாப்பிட முடியாதே, எல்லோருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டேன். முன்பெல்லாம் கேஸ் மாத்திரையை மிட்டாய் மாதிரி போடுவேன். டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டியதால் போன மாதம்தான் நிறுத்தியிருந்தேன். ஊராருக்கெல்லாம் வயிற்றைப் பார்த்துச் சொல்கிறவள், என் வயிற்றை யாரிடமும் காட்டியதில்லை. வைத்தியன் வீட்டுப் பிள்ளை கதைதான்.

ஐந்தே முக்காலுக்கு நாலு கிட்டையும் படித்தேன். இரண்டு ரோஸ். இரண்டு மஞ்சள். எழுதி வைத்தேன். வெளியே இருட்டிவிட்டது. சின்னதாகத் தூறல். தெருப் பிள்ளைகள் மாவளியைப் பற்ற வைத்துத் தீப்பொறி பறக்கச் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் திரைக்குப் பின்னால் அந்தச் சத்தம்.

டிங்.

ஸ்டீல் டிரேயில் ஃபோர்செப்ஸை வைத்தால் வருமே, அந்தச் சத்தம்.

எலி என்று நினைத்தேன். பிறகு கை கழுவுகிற குழாயில் தண்ணீர் விழுந்தது. நின்றது. ரப்பர் கையுறையை இழுத்து மாட்டுகிற சத்தம். 'பட்'.

எலி கையுறை மாட்டாது.

ஜெயக்கொடி பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. ஷட்டர் பாதிதானே இறங்கியிருந்தது, குனிந்து வந்திருப்பாள். நாலு துண்டையும் பாட்டிலில் போட்டதற்கு நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாப்டியா?"

பெண் குரல். கொஞ்சம் கம்மல். சளி பிடித்தால் ஜெயக்கொடிக்கும் அப்படித்தான் இருக்கும்.

"இல்ல. வெரதம்."

"எப்பத்துலேர்ந்து?"

"நேத்து ராத்திரிலேர்ந்து."

"தண்ணி?"

"குடிக்கல."

"மாத்திர?"

இதை ஏன் கேட்கிறாள் என்று தோன்றியது. ஆனாலும் பதில் சொன்னேன். "அது போன மாசமே நிறுத்திட்டேன்."

மறுபடி கையுறையை இழுக்கிற சத்தம். பிறகு, நிதானமாக...

"நல்லதாப் போச்சு."

என் கையிலிருந்த பேனா நின்றது. ஜெயக்கொடி என்னை ஒருமையில் பேச மாட்டாள். வயதில் மூத்தவள்தான், ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் சிணுங்கியது. வாட்ஸ்அப். எடுத்துப் பார்த்தேன்.

ஜெயக்கொடி.

ஒரு சின்ன வீடியோ. தொண்டூரில் அவள் வீட்டு வாசல். வரிசையாக அகல் விளக்கு. புதுப் புடவையில் சிரிக்கிறாள். 'தீபத் திருநாள் வாழ்த்து மேடம்' என்கிறாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. சளி இல்லை. கம்மல் இல்லை.

மணி 6.01.

தெரு முழுக்க வெடிச் சத்தம். தீபம் ஏற்றிவிட்டார்கள்.

கரண்ட் போனது.

யூபிஎஸ் 'பீப்... பீப்...' என்றது. அது ஓடினால் லேப்பில் ஒரு விளக்காவது எரிய வேண்டும். எரியவில்லை.

நான் அசையவில்லை. அசைந்தால் திரைக்குப் பின்னால் தெரிந்துவிடும் என்று பட்டது. அங்கே இருந்ததற்கு ஏற்கெனவே தெரியும் என்பது அந்த நேரத்துக்குப் புரியவில்லை.

அப்போது ஒரு வாசனை. வாழைப்பழ எசன்ஸ்.

குழாய் விடுவதற்கு முன்னால் தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே அடிப்போம். அதன் வாசனை அது. வாசனை இனிப்பு. நாக்கில் பட்டால் கசப்பு.

என் நாக்கு கசந்தது.

காலையிலிருந்து ஒன்றும் படாத நாக்கு. கசந்தது... பிறகு தடித்தது... எச்சில் விழுங்கப் பார்த்தேன். தொண்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற மெஷின் ஓட ஆரம்பித்தது. கரண்ட் இல்லாமல். ஸ்ஸ்ஸ்...

பிறகு குமட்டல் சத்தம்.

உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள். யாருக்கோ குழாய் போகிறது. ஒரு பெண். குமட்டுகிறாள்... மூச்சு திணறுகிறாள்... மறுபடி குமட்டுகிறாள். அந்தக் குரல் எனக்கு மிகவும் பழக்கப்பட்ட குரல். யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

"மூச்சு வுடு... மூச்சு வுடு... முடிஞ்சிடும்."

அதே கம்மல் குரல்.

யாரோ ஒரு பொம்பளை உள்ளே சாகக் கிடக்கிறாள் என்றுதான் எழுந்தேன். தைரியம் எல்லாம் இல்லை. எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

போன் டார்ச்சைப் போட்டேன்.

திரையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

விலக்கினேன்.

அவ்வளவுதான் ஞாபகம்.

கண்ணைத் திறந்தபோது என் மேஜையில் இடது கன்னத்தை வைத்துக் கிடந்தேன். கரண்ட் வந்திருந்தது. கன்னத்துக்குக் கீழே எச்சில் குளமாக நின்றது. மணி 6.21. தொண்டை ரணமாக எரிந்தது. கத்தியிருப்பேன் போல என்று நினைத்துக்கொண்டேன். தாடை ஓரம் வலித்தது. விழுந்ததில் இடித்திருக்கும் என்று நினைத்தேன்.

திரை விலகியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கட்டில் காலி. குழாய், ஜெயக்கொடி மாட்டிய இடத்தில் மாட்டியபடி தொங்கியது. நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கழுவி மாட்டி ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் வடிந்திருக்க வேண்டும்.

ஓடிவிடலாம் என்று பையை எடுத்தேன். அப்போது மேஜையில் அன்புச்செல்வனின் பாட்டில் கண்ணில் பட்டது.

அடியில் நாலு துண்டு. வெளுத்து.

மேலே ஐந்தாவதாக ஒன்று.

சிவப்பாக இருந்தது. அதிலிருந்து ரத்தம் மெல்லிய நூலாக இறங்கி, மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஃபார்மலினில் ரத்தம் அப்படிக் கரைவது போட்ட உடனே மட்டும்தான். அதிகம் போனால் அரை நிமிஷம். அப்படியென்றால் அந்தத் துண்டை இப்போதுதான் யாரோ போட்டிருக்கிறார்கள். நான் பார்ப்பதற்குச் சற்று முன்னால். என் முகத்துக்குப் பக்கத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை.

போன் அடித்தது. உயிர் போய் வந்தது. அன்புச்செல்வன். ஆறரை வரை அவருக்குப் பொறுக்கவில்லை.

எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என் கை செய்தது மூளை சொன்னதல்ல, வேலைப் பழக்கம். சிவப்பாக இருக்கிற துண்டு இன்னும் சாகாத துண்டு. கிட்டில் வைக்கலாம். அந்த ஆளுக்கு ஒரு பதில் சொல்லலாம். ஃபோர்செப்ஸின் வாயில் ஒட்டியிருந்த துண்டு எப்படியோ பாட்டிலில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்காதீர்கள். துண்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, புதுக் கிட்டைப் பிரித்து ஜெல்லில் வைத்தேன்.

ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. துண்டைச் சுற்றி ரோஸ் பரவியது. குழி முழுக்கப் பரவியது. அவ்வளவு வேகமாக நான் பார்த்ததே இல்லை.

போன் மறுபடி அடித்தது. எடுத்தேன். கிருமி இருக்கிறது, மற்றது பாண்டிச்சேரி ரிப்போர்ட்டில் தெரியும், இப்போதைக்கு விளக்கேற்றச் சொல்லுங்கள் என்றேன். பிறகு அந்த ஓங்குதாங்கான ஆள் அழுகிற சத்தம் கேட்டது. 'ஏத்துடி' என்று யாரிடமோ சொன்னார். எனக்கும் அழுகை வந்தது. பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

எடுத்த துண்டு எல்லாம் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. கிட்டிலிருந்து அதை எடுத்து மறுபடி பாட்டிலில் போட்டேன். ஐந்து துண்டு. மூடியை இறுக்கினேன். படியில் இறங்கவில்லை, விழுந்தடித்து ஓடினேன்.

மறுநாள் பகலில், ஆட்கள் நிறைய இருக்கும்போது, மருந்துக் கடை ஆதிநாராயணனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். நேற்று சாயங்காலம் மேலே யாராவது வந்தார்களா என்று. யாரும் வரவில்லை, விளக்கு வைத்துவிட்டு ஏழு மணி வரை படிக்கட்டு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, யாராவது சாப்டியான்னு கேட்டாங்களா?" என்றார்.

நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"தனகோட்டின்னு ஒரு அம்மா. ஜெயக்கொடிக்கு மின்னாடி அதான் அந்த ரூம்ல. யார் வந்தாலும் அதான் மொதக் கேள்வி. சாப்டியா, தண்ணி குடிச்சியா, மாத்திர போட்டியா. அதுக்கே தெனம் வயித்தெரிச்சல். என்கிட்டதான் கேஸ் மாத்திர வாங்கும். ஊருக்கெல்லாம் நிறுத்துன்னு சொல்லிட்டு, அது மட்டும் போட்டுக்கும். ஒருநாள் ஆள் இல்லாதப்ப அதுக்கும் கொழாய் வுட்டுப் பாத்தாங்க. கிட்டு மஞ்சளாவே இருந்துச்சு. ஒண்ணும் இல்லியாம்னு கீழ வந்து எனக்கு மிட்டாய் குடுத்துச்சு." மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே முடித்தார். "அடுத்த கார்த்திகைக்கு அது இல்ல. வயித்துல கேன்சர்தான்."

நான் கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் டாக்டர் போன் செய்தார். பாண்டிச்சேரி ரிப்போர்ட் வந்திருந்தது. நாலு துண்டில் கிருமி, சாதாரணப் புண். ஐந்தாவதில் கேன்சர். ஆரம்ப நிலை.

விளக்கேற்றச் சொன்னவள் நான்தானே.

அன்புச்செல்வனை மறுபடி வரவழைக்க நானே அவலூர்பேட்டைக்குப் போனேன். காரணத்தை முழுசாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்னொரு தடவை குழாய் என்றால் வர மாட்டேன் என்றவர், அவளுக்காக வந்தார். டாக்டர் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சந்தேகமாக ஒரு இடம்கூட இல்லை. துண்டு எடுத்து அனுப்பினோம். அதிலும் ஒன்றும் இல்லை. முதல் நாள் மெஷினில் பதிவான வீடியோவையும் போட்டுப் பார்த்தார். ஃபோர்செப்ஸ் நாலு தடவைதான் வாயைத் திறந்திருந்தது.

"அஞ்சாவது இவரோடது இல்ல," என்றார் டாக்டர். "அன்னிக்கு வந்த வேற யாரோடதோ மாறி விழுந்திருக்கு. ரஞ்சனி, புரியுதா? அந்த ஆள் தனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இந்த ஊர்ல நடமாடிட்டு இருக்காங்க. கண்டுபிடிச்சாகணும்."

அன்று வந்த மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். கெஞ்சினோம். இலவசமாகப் பார்த்தோம். நாலு பேரும் சுத்தம்.

அவ்வளவுதான், அன்றைக்கு அந்த அறைக்குள் குழாய் போன ஆட்கள். கணக்கு முடிந்தது. ஆள் மட்டும் கிடைக்கவில்லை. டாக்டர் ஜெயக்கொடியைத் திட்டினார். பெரிய லேப்பைத் திட்டினார். எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. தூக்கம் போனால் எரிச்சல் கூடியது. ஒருநாள் நடுச்சாமத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

அன்று அந்தக் குரல் ஒருத்தியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டது. மாத்திரை போட்டாயா என்று கேட்டது. அவளும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது, எனக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். ஜெயக்கொடி தொண்டையில் ஸ்ப்ரே அடித்தாள்.

வாழைப்பழ எசன்ஸ். பிறகு கசப்பு.

அதே கசப்பு.

பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தை வைத்தார்கள். தாடை ஓரம் அழுந்தியது. அன்று வலித்த அதே இடம். குழாய் உள்ளே போனது. நான் குமட்டினேன்.

அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது.

கார்த்திகை அன்று திரைக்குப் பின்னால் கேட்ட சத்தம். மிகவும் பழக்கப்பட்ட குரல் என்று சொன்னேனே... அது.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜெயக்கொடி தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடி குழாயை மெதுவாகத் திருப்பினார். நிறுத்தினார். மறுபடி திருப்பினார்.

"இங்க இருக்கு," என்றார், யாரிடமோ சொல்வது போல.

பிறகு என்னைக் குனிந்து பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"ரஞ்சனி, உனக்கு இதுக்கு முன்னாடி எண்டோஸ்கோபி பண்ணதே இல்லன்னு சொன்ன?"

வாயில் குழாய். தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை.

"அப்ப இது யார் எடுத்தது?"

கண்ணைத் திருப்பி மானிட்டரைப் பார்த்தேன். என் இரைப்பை. சிவந்த சின்னத் திட்டு ஒன்று. அதன் விளிம்பில், நொய்யரிசி அளவுக்கு ஒரு குழி. ஃபோர்செப்ஸ் கிள்ளிய தடம். மேலே புதுத் தோல் மூடிக்கொண்டு வந்தது.

ஆறுகிற புண். சில வாரத்துப் பழசு.

என் துண்டையும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். ஐந்தாவது துண்டுக்கு என்ன எழுதியிருந்தார்களோ, வரி மாறாமல் அதையே எழுதி அனுப்பினார்கள். ஆரம்ப நிலை என்பதால் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே அந்தத் திட்டை அகற்றிவிட்டார்கள். கிருமிக்குப் பதினான்கு நாள் மாத்திரை. இப்போது நன்றாக இருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் பிடித்திருக்க முடியாது என்றார்கள். டாக்டர் அந்தக் கேள்வியைப் பிறகு இரண்டு தடவை கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அவரும் விட்டுவிட்டார்.

அன்புச்செல்வன் வீட்டில் ஒவ்வொரு கார்த்திகைக்கும் விளக்கேற்றிவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புகிறார்கள். நானும் மாடிப்படி முனையில் ஒரு அகல் ஏற்றி வைக்கிறேன். யாருக்கு என்று ஆதிநாராயணன் கேட்பதில்லை.

நல்லதுதானே செய்தது, பிறகு ஏன் பயப்படுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என்னைக் காப்பாற்றியது உண்மை. நன்றி இருக்கிறது. ஆனால் அந்த இருபது நிமிஷம் என்னை யார் நடத்திக் கொண்டுபோனது, யார் படுக்க வைத்தது, எந்தக் கை என் வாய்க்குள் குழாயை விட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் கைகால் சில்லிடுகிறது.

விரதத்தை விட்டுவிட்டேன். சாயங்காலத்தில் லேப்பில் தனியாக இருக்க நேர்ந்தால், முதலில் இரண்டு பிஸ்கட்டாவது வாயில் போட்டுக்கொள்கிறேன். எப்போதாவது அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் 'டிங்' என்று கேட்கும். எழுதுவதை நிறுத்த மாட்டேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அந்தக் கேள்வி வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

"சாப்ட்டேன்க்கா."